தூளியோரத்தில் படித்த புத்தகங்கள்

என் மகள் பிறந்தது 2024 ஆகஸ்ட்டில். அந்த மாதம் 5-ஆம் தேதி வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து, அங்கே ஆடை ஆலைகள் சில நாட்கள் மூடிக் கிடந்தன. அங்கே ஆடை வாங்கிக்கொண்டிருந்த பையர்கள் திருப்பூர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷன் விளக்கு நடுராத்திரியிலும் அணைவதில்லை என்று உடன் வேலை செய்யும் தோழி போனில் சொன்னாள். நிட்டிங் மாஸ்டரான என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் குழந்தையைப் பார்க்க வர முடிந்தது. ஊர் அப்படி ஓடிக்கொண்டிருந்த நாட்களில் நான் ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் என் அம்மா வீட்டில், தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, இத்தனை வருஷம் படிக்க வாய்க்காத புத்தகங்களைப் படித்தேன்.

படிக்க வாய்க்கவில்லை என்று சொல்வது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். பனியன் கம்பெனியில் கூலிக் கணக்கு ஷிப்ட்டில் ஓடுகிறது. காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலையில் முடிவது ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. ஷிப்மென்ட் நெருங்கினால் நடுச்சாமம் தாண்டி இரண்டு ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறியும் துணி துவைப்பும். ஆபீஸில் உட்காரும் எங்களுக்கு ஷிப்ட் கிடையாது என்று பேர். ஐரோப்பாவில் பொழுது விடியும்போது ஆரம்பிக்கும் மெயில்களுக்கு நாங்கள் இரவு வரை பதில் எழுதுகிறோம். கல்லூரியில் நூலகமே கதியாக இருந்த நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வருஷத்துக்கு ஒரு புத்தகம் முழுதாக முடித்திருந்தால் அதிகம். தை மாதம் நடக்கும் திருப்பூர் புத்தகத் திருவிழாவில் ஆசை ஆசையாக வாங்கியவை பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே அலமாரியில் நின்றன. பிரசவத்துக்குப் போகும்போது அவற்றில் சிலவற்றைக் குழந்தைத் துணிகளோடு பையில் வைத்துக்கொண்டேன்.

முதல் சில வாரங்களில் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. தையல் போட்ட இடத்து வலி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால், இடையில் குழந்தையின் மூச்சைக் குனிந்து குனிந்து பார்ப்பது. அதற்கும் மேல் அமுச்சி. எனக்குத் தண்ணி வார்த்து, பத்தியம் பார்த்துக்கொள்வதற்காக மாமா வீட்டிலிருந்து வந்திருந்த என் அம்மாவின் அம்மா. புத்தகத்தை எடுத்த முதல் நாளே கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

"பச்ச ஒடம்புக்காரி உத்து உத்துப் பாத்தீன்னா கண்ணு ஒளி கொறஞ்சு போயிரும் சாமி. நாப்பது நாளு போகட்டும். அப்பறம் என்ன வேணுமோ படிச்சுக்க."

"ஒரு பக்கந்தானுங்க அமுச்சி."

"ஒரு பக்கம்னுதான் ஆரம்பிப்பீங்க."

பிரசவமான பெண் படிக்கக் கூடாது, ஊசி கோக்கக் கூடாது, அழக் கூடாது என்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கும் விதிகள். படித்தால் கண் கெடும் என்று மருத்துவம் சொல்லவில்லை. ஆனால் அந்த விதிக்குள் ஒரு கரிசனம் இருந்தது என்று நினைக்கிறேன். பெற்றவளை வேலை எதுவும் வாங்காமல் கொஞ்ச நாள் கிடத்திவைக்க அந்தக் காலத்துப் பெண்களுக்கு இதைவிட வேறு வழி இருந்திருக்காது. எனக்கோ கிடப்பது ஆகவில்லை. மனசுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. கடைசியில் அம்மாதான் வழி சொன்னாள்: "கண்ணு வலிக்காத அளவுக்கு, பகல்ல, சத்தமாப் படிக்கட்டும். நீங்களும் கேளுங்க." அமுச்சிக்கு எழுத்து தெரியாது. சம்மதித்தார்.

அப்படிச் சத்தமாகப் படித்த முதல் புத்தகம் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942-இல் வந்த சின்ன நாவல். சண்முகசுந்தரம் பிறந்த கீரனூர் எங்கள் மாவட்டத்தில், தாராபுரம் பக்கத்தில் இருக்கிறது. வங்க நாவல்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் என்று பலருக்கும் அவரைத் தெரியும். சொந்த மண்ணின் பேச்சை நாவலுக்குள் தைரியமாகக் கொண்டுவந்தவர்களில் அவர் முன்னோடி என்பது அதைவிடப் பெரிய விஷயம் எனக்கு. நாகம்மாள் கைம்பெண், ஒரு பெண் குழந்தைக்குத் தாய். கொழுந்தன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, செத்துப்போன புருஷனின் பங்கு நிலத்தைப் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கிறாள். அந்தக் கேள்வி ஊர்ப் பகையோடு சேர்ந்து கொலையில் போய் முடிகிறது.

பேச்சு வரும் இடங்களைப் படித்தபோது அமுச்சி முருங்கைக் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இது நம்மூருக் கதையில்ல? இப்பிடித்தான எங்க அப்பத்தா பேசும்." அதற்குப் பிறகு மத்தியானம் ஆனால் அவரே கேட்டார், "அந்தப் புள்ள என்ன ஆனா, படி" என்று. குழந்தை மடியில் கிடக்கும். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய ஓர் அடித் தூரம் வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். கறுப்பும் வெள்ளையுமாக இருப்பதைத்தான் அது விரும்பிப் பார்க்கும். நான் பிடித்திருந்த பக்கம் அந்தத் தூரத்தில்தான் இருந்தது. என் மகள் முதன்முதலில் விழியை நிறுத்திப் பார்த்தவற்றில் 'நாகம்மா'ளின் அச்செழுத்தும் ஒன்று. என் குரல் அவளுக்கு வயிற்றிலேயே பழக்கம். அந்தக் குரலில் கொங்குப் பேச்சு அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது என்பதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

இரவில் பால் கொடுத்துக்கொண்டே போனில் ஒரு விஷயம் தேடிப் படித்தேன். 1937-இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கில் உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையைக் கொடுத்தது. ஆனால் விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று 1941-இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டு நிலத்தையும் சேர்த்துக்கொண்டது 1947-இல். நாவல் வந்தது சரியாக இந்த இரண்டுக்கும் நடுவே. நாகம்மாள் கேட்ட காட்டுக்கும் தோட்டத்துக்கும் அன்றைக்குச் சட்டத்தில் அவளுக்கு வழியே இல்லை. அவளை அடங்காப்பிடாரி என்று வாசித்தவர்கள் இருக்கிறார்கள். கையில் பெண் குழந்தையோடு, கோர்ட்டும் ஊரும் கைவிட்ட ஒருத்தி வேறு எந்தக் குரலில் கேட்டிருக்க முடியும்?

மறுநாள் இதை அமுச்சியிடம் சொன்னேன். "பங்கு கேட்டது தப்பா? கேக்க வேண்டியதுதான" என்றார் உடனே. அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான் கையெழுத்துப் போட்டுத்தானம்மா குடுத்தேன்."

தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது 1989-இல். அப்போது கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்கு அது பொருந்தும். அம்மா கல்யாணம் அதற்குப் பிறகுதான். அம்மாவின் அப்பாவான அப்புச்சி காலமானதும், மாமாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததைத்தான் அம்மா சொன்னாள். நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, சீர் செய்தாயிற்று, இனி நிலத்தில் பங்கு கேட்பது அழகல்ல என்று எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். அமுச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போட்டுக் குடுன்னு சொன்னதே நாந்தான" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. பூண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் இத்தனை வருஷத்தில் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணும் தெரியாத ஒரு பெண்ணும் ஒரே வீட்டில் வாய்திறக்க அந்த நாவல் போதுமானதாக இருந்தது.

பால் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைக்குப் பால் பற்றவில்லை என்ற பயம் ஒவ்வொரு தாயையும் ஆட்டிவைக்கும் பயம். எனக்கும் வந்தது. ஒரு பக்கம் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்க, குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்து அழும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "பால் இருக்குதா?" அந்த நாட்களில்தான் பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' கையில் இருந்தது. 'மாதொருபாகன்' நாவலுக்கு வந்த எதிர்ப்பால், தனக்குள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அறிவித்துவிட்டு ஒதுங்கியவர் அவர். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு எழுதி அந்த ஆண்டே வெளிவந்த நாவல் 'பூனாச்சி'. மனிதர்களை எழுதப் பயம், தெய்வங்களை எழுதப் பயம் என்று ஆகிவிட்ட ஒருவர் ஆட்டை எழுதினார்.

முன்பின் தெரியாத ஒருவன் கொடுத்துவிட்டுப் போன, கருகருவென்ற பெண்குட்டி. நடக்கவே தெம்பில்லாத அதைக் கிழவி ஒருத்தி பாலூட்டிப் பிழைக்கவைக்கப் படும் பாட்டை ராத்திரி இரண்டரை மணிக்குப் படித்தேன். தன் குட்டி அல்லாததைத் தாயாடு ஒன்று சேர்க்காமல் உதறுகிறது. கிழவி விடவில்லை. அங்கே புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். அழக் கூடாது என்ற விதி அப்போது நினைவில் இல்லை. பால் என்பது உடம்பில் ஊறுவது மட்டுமல்ல, யாரோ ஒருத்தி விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும்தான் என்று எனக்குத் தைரியம் வந்தது அந்த இரவில். மறுநாள் எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர் வந்து, குழந்தையைப் பிடிக்கும் விதத்தையும் அது வாயைத் திறந்து கவ்வ வேண்டிய விதத்தையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அதில்தான் சிக்கல் தீர்ந்தது. புத்தகம் பால் சுரக்கவைக்காது. செவிலியர் வரும்வரை என்னைத் தாங்கிப் பிடித்தது அதுதான். நாவலின் பிற்பகுதியைக் குழந்தைக்கு எடை கூடத் தொடங்கிய பிறகே படித்தேன். அந்த ஆட்டுக்கு வரும் பஞ்சத்தையும் அது ஒரே ஈற்றில் ஏழு குட்டி போட்டுத் தவிப்பதையும் பச்சை உடம்போடு படிக்க வேண்டாம் என்று மற்ற தாய்மார்களுக்குச் சொல்வேன். பிறகு கட்டாயம் படியுங்கள்.

அடுத்து எடுத்தது தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. 2023-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கொங்குக் கிராமத்துக் குடிநாவிதர் குடும்பத்தின் கதை. ஒரு சாவைச் சுற்றி உறவுகள் கூடி, பழையதெல்லாம் ஒவ்வொன்றாக மேலே வருகிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சாவு வீட்டுக் கதை படிப்பதை அமுச்சி விரும்பவில்லை. ஆனால் யாருடைய கதை என்று சொன்னதும் அவருக்குத் தன் பிரசவங்கள் நினைவுக்கு வந்துவிட்டன. அவருக்கு ஐந்து பிரசவமும் வீட்டில்தான். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஊருக்குச் சவரம் செய்தவர்களின் வீட்டுப் பெண்கள்தான் மருத்துவச்சிகள். பிள்ளைப்பேறு பார்ப்பதிலிருந்து, தாய்க்கும் பிள்ளைக்கும் தண்ணி வார்த்து, உரை மருந்து உரசிக் கொடுப்பது வரை அவர்கள் கைதான். கொங்குக் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துச் சொல்லும் உரிமையும் அந்தக் குடியினருடையது. பிறப்பிலும் கல்யாணத்திலும் சாவிலும் அவர்கள் இல்லாமல் எங்கள் ஊரில் ஒன்றும் நடந்ததில்லை.

"அவ வந்து கைய வெச்சாத்தான் எனக்கு உசுரு வரும்" என்றார் அமுச்சி. பேர் என்ன என்று கேட்டேன். மருத்துவச்சி என்றுதான் கூப்பிட்டார்களாம். பிரசவத்துக்கு உள் அறை வரை வந்த பெண், மற்ற நாட்களில் எந்த வாசலில் நின்று தானியம் வாங்கிக்கொண்டு போனாள் என்று கேட்டதற்கு அமுச்சி சுற்றி வளைக்காமல் சொன்னார்: "பொடக்காளியில." வீட்டின் பின்புறத்தில். பல வருஷத்துக்கு முன்னால் நடந்த அநியாயம் அது. என் அம்மாவை இந்த உலகத்துக்கு எடுத்துக் கொடுத்த கைகளுக்கு எங்கள் குடும்பம் பேர்கூட வைத்திருக்கவில்லை. தேவிபாரதி அந்த மனிதர்களை அவர்களுடைய பெயர்களோடும் கோபங்களோடும் பாசத்தோடும் எழுதியிருக்கிறார். கொங்கு வேளாண்குடிகளின் பெருமை பேசும் புத்தகங்கள் அடுக்கிவைத்திருக்கும் வீடுகளில் முதலில் வாங்கி வைக்க வேண்டிய நாவல் இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்தபோது நொய்யல் ஆற்றில் தண்ணீர் போகிறது என்று அப்பா வந்து சொன்னார். அந்த வாரம் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'யை எடுத்தேன். திருப்பூரிலேயே இருந்து எழுதுகிறவர், 'கனவு' இதழை நடத்தியவர். சாயத் தண்ணீரில் செத்துக்கொண்டிருந்த ஆற்றையும் ஊரையும் பற்றி 1998-லேயே நாவல் எழுதியிருக்கிறார். எல்லாரும் டாலர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போது நான் சின்னப் பிள்ளை. அப்புச்சி தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் துணி அலசினால் நுரை வராது என்பதும், வாழை வைத்தால் ஓரம் கருகிப் போகும் என்பதும் எனக்கு ஊரின் இயல்பு என்றுதான் பட்டிருந்தது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது அந்தத் தோட்டம். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய அணை, திருப்பூர்ச் சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போனது. விவசாயிகள் பல வருஷம் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீரில் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு உள்ளவை மட்டுமே மறுபடி திறக்கலாம் என்றானது. மாமாவுக்காக அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அந்தக் கருகிய மண்ணைத்தான்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கையில் இருந்தவை பெரும்பாலும் குழந்தை உடுப்பு ஆர்டர்கள். மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கான துணிக்கு ஓகோ-டெக்ஸ் தரத்தில் முதல் வகுப்பு என்று பெயர். நான்கு வகுப்புகளில் கடுமையானது அதுதான். குழந்தை துணியை வாயில் வைத்துச் சப்பும் என்பதால் சாயம் எச்சிலில் இறங்கக் கூடாது. பட்டன் பிய்ந்து வராதபடி இழுத்துப் பார்க்கிறோம். ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளும் கிடைத்து நோட்டில் ஒட்டிய பிறகுதான் அந்த மெஷின் ஓடும். பேக்கிங்குக்கு முன் ஒவ்வொரு பீஸும் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போய் வரும். ஐரோப்பாவுக்குப் போகும் உடுப்பில் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தலைமுக்காட்டிலோ கழுத்திலோ கயிறு வைக்கக் கூடாது. எங்கோ இருக்கும், நாங்கள் ஒருபோதும் பார்க்கப் போகாத ஒரு குழந்தைக்காக இத்தனை கவனம். இதில் எனக்குப் பெருமை உண்டு, இப்போதும் உண்டு. ஆனால் 'சாயத்திரை'யைப் படித்துக்கொண்டே, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன அப்பாவின் பழைய வேட்டித் துணியில் படுத்திருக்கும் என் மகளைப் பார்த்தபோது ஒரு கேள்வி என்னை விடவில்லை. தூரத்துக் குழந்தையின் எச்சிலில் சாயம் இறங்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த ஊர், தன் குழந்தைகள் குடிக்கும் கிணற்றில் அது இறங்குவதை இருபது வருஷம் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது? இன்று ஏற்பாடுகள் மாறியிருக்கின்றன. மாறுவதற்கு முன்பே எழுதியவரை நாங்கள் படித்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் மெர்ச்சண்டைசர்களுக்கு நடத்தும் பயிற்சியில் அந்த நாவலை வைக்கலாம் என்று இதை எழுதும்போதும் நினைக்கிறேன்.

மார்கழி வாக்கில் வேறு வகை வாசிப்பு வந்து சேர்ந்தது. குழந்தைக்கு ஐந்தாம் மாதம். குப்புற விழுந்து, இரண்டு கையையும் ஊன்றித் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் சட்டென்று நினைவுக்கு வந்தன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. ஐந்தாம் மாதத்துக்கு உரியது செங்கீரை. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றி, தலை நிமிர்த்திக் குழந்தை ஆடும் ஆட்டம். அன்று இரவே மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை எடுத்தேன். உலகத் தமிழர்கள் பலர் கூலி வாங்காமல் தட்டச்சு செய்து 1998 முதல் சேர்த்துவரும் நூல்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. செய்யுள் கடினம். உரை இல்லாமல் பாதிதான் புரிந்தது. ஆனால் சந்தம் குழந்தைக்குப் புரிந்தது என்று சத்தியமாகச் சொல்வேன். வாய்விட்டுப் படித்தால் அவள் அழுகையை நிறுத்தி வாயைப் பார்ப்பாள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனை இப்படிக் குழந்தையாக்கிப் பாடினார். பிறகு தெய்வங்களையும் ஆசான்களையும் தலைவர்களையும் பாடிக்கொண்டே வந்திருக்கிறோம். பாடியவர்கள் அநேகமாக எல்லாரும் ஆண்கள், அவர்களில் துறவிகளும் உண்டு. இருந்தும் எந்த மாதத்தில் குழந்தை எப்படிக் கை ஊன்றும், எப்போது கை கொட்டும், எப்போது நிலாவைக் காட்டினால் ஏறிட்டுப் பார்க்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. குழந்தை நல மருத்துவர் தடுப்பூசி அட்டையோடு கொடுத்த வளர்ச்சிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப் போயின. வீட்டுப் பெண்கள் பார்த்துப் பார்த்துச் சொன்னதைத்தான் புலவர்கள் இலக்கணமாக்கியிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

மாசியில் விடுப்பு முடிந்தது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்புத் தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது. எனக்கு அந்த 26 வாரமும் கிடைத்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையும் எழுத முடிகிறது. எங்கள் தெருவிலேயே ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் பிசிர் வெட்டும் பெண்ணுக்கு, என் குழந்தை பிறந்த மாதத்தில்தான் குழந்தை பிறந்தது. அவள் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. தீபாவளிக்கு முன்பே வேலைக்குப் போய்விட்டாள். குழந்தையை மாமியார் மத்தியானம் ஒரு முறை யூனிட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார். அவள் பிளஸ் டூ வரை படித்தவள். ஒரு நாள் என் தூளிக்குப் பக்கத்தில் கிடந்த 'நாகம்மா'ளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் படிக்க எனக்கும் ஆசதானுங்க அக்கா, எங்க நேரம்" என்றாள். கொடுத்து அனுப்பினேன். இன்னும் திரும்பி வரவில்லை, வர வேண்டியதுமில்லை.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒரு ஷிப்ட் வேலை செய்தாலும் அந்தப் பெண்ணின் பேரைப் பதிவேட்டில் எழுதுங்கள். சட்டம் சொல்லும் காப்பகத்தை இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளுக்கு மட்டும் திறக்காமல் தினமும் திறந்து வையுங்கள். அங்கே தாய் உட்கார்ந்து பால் கொடுக்க ஒரு நாற்காலியும், பக்கத்தில் சில புத்தகங்களும் போடுங்கள். பத்து நல்ல நாவல்களின் விலை ஒரு கார்ட்டன் பனியன் விலைக்கு மேல் போகாது.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை பார்க்கப் போகும்போது சோப்பு, பவுடர் டப்பா, ஜப்லா என்று குழந்தைக்கு வாங்கிப் போகிறோம். அடுத்த முறை போகும்போது பெற்றவளுக்கென்று ஒரு புத்தகம் வாங்கிப் போங்கள். ஒரு கையில் பிடிக்கிற மாதிரி சின்னதாக, எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். அவள் படிக்கும் வரை குழந்தையை நீங்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.